வீட்டு அகலப்பட்டை மோடம்

வீட்டு அகலப்பட்டை மோடம் என்பது வீட்டிற்கு வரும் தொலைபேசிக் கம்பியின் வழியே இணையத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் சிறு மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது பிராட்பேண்ட் மோடம் எனப்படும். இந்திய வீடுகளில் 2005 ஆம் ஆண்டு முதல் பரவிய வகை ஏ.டி.எஸ்.எல். மோடம் ஆகும். இக்கட்டுரை அதன் அமைப்பையும் பயன்படுத்தும் முறையையும் விளக்குகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் நிலைமைகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

"இணையம் வரவில்லை" என்ற ஒரே குறைக்கு மின்சாரம், வெளிக்கம்பி, பயனர் கணக்கு, வீட்டினுள் உள்ள இணைப்பு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். எது காரணம் என்பதை மோடத்தின் முகப்பிலுள்ள விளக்குகளே பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த பயனர், தானே சரிசெய்யக்கூடியதையும் தொலைபேசி நிலையத்தில் புகார் செய்ய வேண்டியதையும் பிரித்தறியலாம்.

## பெயர்

மோடம் என்ற சொல், பண்பேற்றி, பண்பிறக்கி ஆகியவற்றைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் முதற்பகுதிகள் இணைந்து உருவானது. கணினியின் எண்ணிமத் தரவைக் கம்பியில் செல்லத்தக்க அலைகளாக மாற்றுவது பண்பேற்றம். வந்து சேரும் அலைகளிலிருந்து தரவை மீட்டெடுப்பது பண்பிறக்கம். இவ்விரு பணிகளையும் செய்யும் கருவி மோடம்.

அகலப்பட்டை என்பதன் வரையறை காலத்திற்கேற்ப மாறி வந்துள்ளது. இந்திய அரசு 2004 அக்டோபர் 14 அன்று வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகமுடைய, எப்போதும் இணைப்பில் இருக்கும் சேவையை அகலப்பட்டை என்றது. இவ்வளவு 2013 இல் 512 கிலோபிட்டாகவும், 2023 இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

## வரலாறு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் வீட்டுப் பயனர்கள் தொலைபேசி எண் ஒன்றைச் சுழற்றி இணையத்தை அடைந்தனர். இம்முறையின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். இணையத்தில் இருக்கும் நேரம் முழுவதும் தொலைபேசியைப் பயன்படுத்த இயலாது. அழைப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரே கம்பியில் பேச்சையும் தரவையும் ஒருங்கே அனுப்பும் வழி 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் லெக்லைடர், வீட்டை நோக்கி வரும் திசைக்கு அதிக வேகமும் வீட்டிலிருந்து செல்லும் திசைக்குக் குறைந்த வேகமும் ஒதுக்கினால் பழைய செப்புக் கம்பியிலேயே கூடுதல் தரவை அனுப்பலாம் எனக் காட்டினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியாஃபி, அதற்கேற்ற பண்பேற்ற முறையை வளர்த்தெடுத்தார். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999 இல் ஏ.டி.எஸ்.எல். தரத்தை ஏற்றது. அதன் மேம்பட்ட வடிவமான ஏ.டி.எஸ்.எல்.2+ 2003 இல் தரமாக்கப்பட்டது.

2000 இல் உருவான பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் (பி.எஸ்.என்.எல்.) 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. ஏற்கெனவே ஊர்தோறும் இருந்த தொலைபேசி நிலையங்களும் செப்புக் கம்பிகளுமே இச்சேவைக்கு அடிப்படையாயின. புதிய கம்பி இழுக்காமல், நிலையத்தில் ஒரு கருவியும் வீட்டில் ஒரு மோடமும் வைத்து இணைப்பு வழங்க முடிந்ததே இத்தொழில்நுட்பம் விரைந்து பரவியதற்குக் காரணம்.

கம்பி எட்டாத இடங்களுக்கு வேறு வழிகளும் முயலப்பட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இணைந்து தொடங்கிய கிராம வள மையங்கள் 2004 அக்டோபர் 18 அன்று செயற்பாட்டுக்கு வந்தன. தஞ்சாவூர் மாவட்டத்தின் திருவையாறு அவற்றுள் ஒன்று. அம்மையங்கள் செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டன.

## செயற்படும் முறை

மனிதப் பேச்சுக்குத் தொலைபேசி பயன்படுத்தும் அலைவெண் 4 கிலோஎர்ட்சுக்கு உட்பட்டது. செப்புக் கம்பியோ அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த அலைவெண்களையும் கடத்தவல்லது. வெறுமனே கிடந்த இப்பகுதியையே ஏ.டி.எஸ்.எல். பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஎர்ட்சு வரையுள்ள பகுதி வீட்டிலிருந்து செல்லும் தரவுக்கும், 138 முதல் 1104 கிலோஎர்ட்சு வரையுள்ள பகுதி வீட்டை நோக்கி வரும் தரவுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஏ.டி.எஸ்.எல்.2+ இல் மேல் எல்லை 2208 கிலோஎர்ட்சு. பதிவேற்றம் எப்போதும் பதிவிறக்கத்தைவிட மெதுவாக இருப்பதற்கு இப்பங்கீடே காரணம்.

இந்த அலைவெண் பரப்பு 4.3125 கிலோஎர்ட்சு அகலமுள்ள பல சிறு தடங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஏ.டி.எஸ்.எல். முறையில் இத்தடங்கள் 256. மோடம் இயக்கப்பட்டவுடன் மறுமுனைக் கருவியுடன் சேர்ந்து ஒவ்வொரு தடத்தையும் சோதிக்கிறது. இரைச்சல் குறைந்த தடத்தில் அதிகத் தரவையும், இரைச்சல் மிகுந்த தடத்தில் குறைந்த தரவையும் ஏற்றுகிறது. தூர்ந்த வாய்க்காலில் நீரைக் குறைத்து நல்ல வாய்க்காலில் கூடுதலாக விடுவதை இதனோடு ஒப்பிடலாம். மோடத்தை இயக்கியதும் விளக்கு ஒன்று சிறிது நேரம் மினுக்கிய பின்னரே நிலைபெறுவது இச்சோதனை நடைபெறுவதால்தான்.

தொலைபேசி நிலையத்தில் பல வீடுகளின் கம்பிகளை ஒருங்கே ஏற்கும் கருவி டிஸ்லாம் எனப்படும். இது தரவைப் பிரித்து இணையத்திற்கும், பேச்சைப் பிரித்துத் தொலைபேசி விசைமாற்றிக்கும் அனுப்புகிறது.

### தொலைவும் வேகமும்

உயர் அலைவெண் செப்புக் கம்பியில் செல்லச் செல்ல விரைவாக மெலிகிறது. எனவே வேகம் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு உள்ள தொலைவைப் பொறுத்தது. ஏ.டி.எஸ்.எல்.2+ தரும் 24 மெகாபிட் உச்ச வேகம் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான் இயலும். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு நிலைப்பது அரிது. இங்குத் தொலைவு என்பது கம்பியின் நீளமே. ஆற்றின் மறுகரையில் கண்ணுக்கு எதிரே தெரியும் வீட்டிற்குக் கூட, கம்பி பாலம் வரை சென்று திரும்ப வேண்டியிருந்தால் தொலைவு கூடிவிடும்.

## இணைக்கும் முறை

அடிப்படை மோடத்துடன் மின்தகவி, பிரிப்பான், ஈதர்நெட் கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகியவை வழங்கப்படும். பிரிப்பான் என்பது பேச்சு அலைகளையும் தரவு அலைகளையும் வெவ்வேறாக்கும் சிறு பெட்டி. அதில் மூன்று துளைகள் உண்டு.

* லைன் எனக் குறிக்கப்பட்ட துளையில், சுவரிலுள்ள ரோசெட் பெட்டியிலிருந்து வரும் கம்பி செருகப்பட வேண்டும்.
* ஃபோன் எனக் குறிக்கப்பட்ட துளையில் தொலைபேசி இணைக்கப்பட வேண்டும்.
* மோடம் எனக் குறிக்கப்பட்ட துளையிலிருந்து மோடத்திற்குக் கம்பி செல்ல வேண்டும்.

பிரிப்பானுக்கு முன்பாகவே கம்பியைக் கிளைத்து மற்றொரு அறைக்கு இணைத்தொலைபேசி வைப்பது பலரும் செய்யும் தவறாகும். அவ்வாறு வைத்தால், அத்தொலைபேசி ஒலிக்கும்போதோ எடுக்கப்படும்போதோ இணையம் அறுபடும். எல்லாத் தொலைபேசிகளும் பிரிப்பானின் ஃபோன் துளைக்குப் பின்னரே கிளைக்க வேண்டும்.

## விளக்குகள்

விளக்குகளின் பெயர் தயாரிப்பாளருக்கு ஏற்பச் சற்று மாறினாலும் வரிசையும் பொருளும் ஒன்றே.

* பவர்: மின்சாரம் வருவதைக் காட்டும். அணைந்திருந்தால் மின்தகவி, செருகி, பொத்தான் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* டி.எஸ்.எல். அல்லது லிங்க்: தொலைபேசி நிலையத்திலுள்ள டிஸ்லாமுடன் தொடர்பு கிடைத்திருப்பதைக் காட்டும். நிலையாக எரிந்தால் கம்பி நலமாக உள்ளது. மினுக்கிக்கொண்டே இருந்தால் கம்பியிலோ பிரிப்பானிலோ நிலையத்திலோ பழுது.
* இன்டர்நெட் அல்லது பி.பி.பி.: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, இணைய முகவரி கிடைத்திருப்பதைக் காட்டும்.
* லேன்: கணினியுடனான ஈதர்நெட் இணைப்பைக் காட்டும்.
* வை-ஃபை: கம்பியில்லா வசதியுள்ள மோடங்களில் அவ்வசதி இயங்குவதைக் காட்டும்.

இவ்விளக்குகளை மேலிருந்து கீழாகப் படிப்பது நன்று. ஒரு விளக்கு எரியாதபோது, அதற்கு அடுத்த படியில் உள்ள பழுதைத் தேடுவதில் பயனில்லை. டி.எஸ்.எல். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது கணினியில் இயங்குதளத்தை மீள நிறுவுவது வீண் உழைப்பு ஆகும்.

## உள்ளமைவு

பெரும்பாலான மோடங்களின் உள்ளமைவுப் பக்கத்தை உலாவியில் 192.168.1.1 என்ற முகவரியை இட்டுத் திறக்கலாம். இது வீட்டிற்குள் மட்டும் செல்லும் முகவரி என்பதால் இணையம் இல்லாதபோதும் திறக்கும். பி.எஸ்.என்.எல். ஏ.டி.எஸ்.எல். இணைப்புகளில் வி.பி.ஐ. மதிப்பு 0, வி.சி.ஐ. மதிப்பு 35 என அமைக்கப்பட்டன. இணைப்பு முறை பி.பி.பி.ஓ.ஈ. என்பதாகும்.

மோடத்தை இரு வகையில் இயக்கலாம். பாலம் முறையில் மோடம் அலைகளை மாற்றும் பணியை மட்டும் செய்யும். பயனர் கணினியிலிருந்து ஒவ்வொரு முறையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழைய வேண்டும். திசைவி முறையில் மோடமே அவற்றை நினைவில் வைத்துத் தானாக நுழையும். ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் உள்ள வீட்டிற்குத் திசைவி முறை ஏற்றது.

மோடத்தின் பின்புறம் ஊசி நுழையும் அளவில் உள்ள துளை மீளமைப்புப் பொத்தானுக்கு உரியது. இதை அழுத்திப் பிடித்தால் மேற்கண்ட மதிப்புகளும் பயனர் பெயரும் அழிந்துவிடும். மோடத்தை அணைத்து மீண்டும் இயக்குவதும் மீளமைப்பதும் வேறு வேறு. மதிப்புகளை ஒரு தாளில் குறித்து வைக்காமல் இப்பொத்தானை அழுத்தலாகாது.

## வேகமும் தரவு அளவும்

வேகம் பிட்டிலும் கோப்பின் அளவு பைட்டிலும் கூறப்படுகின்றன. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 256 கிலோபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 32 கிலோபைட் மட்டுமே இறங்கும். 5 மெகாபைட் அளவுள்ள பாடநூல் கோப்பு ஒன்று 56 கிலோபிட் வேகத்தில் ஏறத்தாழ 12 நிமிடமும், 256 கிலோபிட் வேகத்தில் இரண்டரை நிமிடத்திற்குச் சற்று மேலும், 2 மெகாபிட் வேகத்தில் 20 நொடியும் எடுக்கும்.

வேகம் கூடும்போது தரவு வரம்பும் விரைவில் தீரும். மாதம் 1 ஜிகாபைட் வரம்புள்ள திட்டம் ஒன்றில் 2 மெகாபிட் வேகத்தில் இடையறாது பதிவிறக்கினால், 67 நிமிடத்தில் அம்மாத அளவு முடிந்துவிடும். வரம்பைக் கடந்த ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம் இருந்த காலத்தில், எதிர்பாராத தொகையுடன் பட்டியல் வந்ததற்கு இக்கணக்கை அறியாமையே பெரும்பாலும் காரணமாயிற்று. சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை இறங்கும் தரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை. பெரிய கோப்புகளை அந்நேரத்தில் இறக்கிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே இருந்தது.

## காவிரிப் படுகையில் பயன்பாடு

### மழையும் கம்பியும்

காவிரிப் படுகை வண்டல் படிந்த சமதளம். ஊர்கள் பல, ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டி நீண்டு அமைந்தவை. தொலைபேசிக் கம்பி நிலையத்திலிருந்து நிலத்தடி வடமாகப் புறப்பட்டு, தெருவோர விநியோகப் பெட்டிகளில் பிரிந்து, கம்பம் வழியே வீட்டை அடைகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பு முடிச்சும் ஈரம் புகக்கூடிய இடம் ஆகும். ஈரம் புகுந்த செம்பில் களிம்பு ஏறி மின்தடை கூடும். தொலைபேசியில் கரகரவென்ற ஒலி கேட்கும். பேச்சு எப்படியோ புரிந்தாலும் இணையம் அறுபட்டுக்கொண்டே இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பழுது மிகும். 2008 நவம்பர் இறுதியில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தது. இத்தகைய பேரிடரில் வீட்டு மோடம் நலமாக இருந்தும் பயனில்லை.

சம்பா பயிர் வயலில் நிற்பதும் இதே பருவத்தில்தான். பயிர்க் காப்பீட்டுப் பதிவின் இறுதி நாள் நவம்பர் மாதத்தில் அமைவது வழக்கம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விற்பதற்கான இணையவழிப் பதிவு 2021 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடத்தப்படுகிறது. எனவே அறுபட்ட இணைப்பு ஒன்று ஒரு போகத்தின் காப்பீட்டையோ ஒரு மாணவரின் கல்லூரித் தெரிவையோ பாதிக்கலாம். இத்தகைய நாட்களில் பழுது வீட்டினுள்ளதா வெளியிலுள்ளதா என உடனே அறிந்தால், காத்திருப்பதா அருகிலுள்ள பொதுச் சேவை மையத்திற்குச் செல்வதா என முடிவு செய்ய இயலும்.

### மின்தடை

மின்சாரம் நின்றபோதும் தொலைபேசி வேலை செய்யும். ஏனெனில் அதற்குரிய 48 வோல்ட்டு மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்து அதே கம்பியில் வருகிறது. மோடமோ வீட்டு மின்சாரத்தை நம்பியது. தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் இவ்வேறுபாடு நன்கு உணரப்பட்டது. பெரும்பாலான மோடங்கள் 9 அல்லது 12 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால், சிறிய மின்சேமிப்புக் கருவியே அவற்றைச் சில மணி நேரம் இயக்கப் போதுமானது.

### இடி மின்னல்

சமவெளியில் நீண்டு செல்லும் கம்பியில் மின்னலால் உயர் மின்னழுத்தம் தூண்டப்படலாம். அது மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் மோடத்தை அடையும். பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. மின்செருகியையும் ரோசெட் பெட்டியிலுள்ள தொலைபேசிக் கம்பியையும் இடி தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். இடிக்கும்போது கம்பியைத் தொடுவது ஆபத்தானது.

## பழுதறிதல்

1. மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்க வேண்டும். விளக்குகள் நிலைபெற இரண்டு, மூன்று நிமிடம் ஆகலாம்.
2. டி.எஸ்.எல். விளக்கு நிலைபெறாவிடில், பிரிப்பானை அகற்றித் தொலைபேசியை நேரடியாக ரோசெட் பெட்டியில் இணைத்துக் கேட்க வேண்டும். சுழற்றொலி இல்லாவிடில் அல்லது கரகர ஒலி மிகுந்தால் பழுது வெளிக்கம்பியில் உள்ளது.
3. சுழற்றொலி தெளிவாக இருந்தால், மோடத்தைப் பிரிப்பான் இன்றி நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் பிரிப்பானே பழுது. எரியாவிடில் மோடத்திலோ நிலையத்திலோ பழுது. அதே மோடத்தை வேறொரு வீட்டின் அகலப்பட்டைக் கம்பியில் இணைத்துச் சோதித்தால் இரண்டில் எது எனத் தெரியும்.
4. டி.எஸ்.எல். எரிந்து இன்டர்நெட் விளக்கு எரியாவிடில், பயனர் பெயர், கடவுச்சொல், கட்டண நிலுவை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.
5. எல்லா விளக்குகளும் எரிந்தும் பக்கங்கள் திறக்காவிடில், கணினியின் அமைப்புகளையோ பெயர்ச் சேவையக முகவரியையோ பார்க்க வேண்டும்.

இரட்டைக் கம்பியில் ஒன்று மட்டும் அறுந்தால் தொலைபேசி முற்றிலும் நின்று, இணையம் மட்டும் மிக மெதுவாக வருவதுண்டு. எனவே இணையம் வருகிறது என்பதால் கம்பி நலம் என்று கருதக்கூடாது.

உள்ளமைவுப் பக்கத்தில் காட்டப்படும் இரைச்சல் விளிம்பு என்ற எண்ணும் பயனுள்ளது. இது 20 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் கம்பி நன்று. 6 டெசிபெல்லுக்குக் கீழ் இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். மழையில்லாத நாளின் எண்ணைக் குறித்து வைத்து, மழை நாளின் எண்ணுடன் ஒப்பிட்டால் முடிச்சில் ஈரம் புகுந்திருப்பதை ஊகிக்கலாம். புகார் செய்யும்போது, எந்த விளக்கு எந்நிலையில் உள்ளது, தொலைபேசியில் ஒலி எவ்வாறுள்ளது என்பவற்றைக் கூறினால் லைன்மேன் எங்குத் தேடத் தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

## பாதுகாப்பு

மோடங்கள் பெரும்பாலும் அட்மின் என்ற ஒரே சொல்லைப் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் கொண்டு வழங்கப்பட்டன. இதை மாற்றாமல் விடுவதன் தீங்கு 2017 ஜூலை இறுதியில் வெளிப்பட்டது. பிரிக்கர்பாட் எனப்பட்ட தீநிரல், பொதுவான கடவுச்சொல்லுடன் இருந்த பல்லாயிரம் பி.எஸ்.என்.எல். மோடங்களுக்குள் நுழைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தது. கடவுச்சொல்லை மாற்றுமாறு பயனர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

உள்ளமைவுப் பக்கத்தின் கடவுச்சொல்லும் வை-ஃபை கடவுச்சொல்லும் வெவ்வேறானவை. இரண்டையும் மாற்ற வேண்டும். வை-ஃபைக்குப் பழைய டபிள்யூ.ஈ.பி. முறையைத் தவிர்த்து டபிள்யூ.பி.ஏ.2 அல்லது அதற்குப் பிந்திய முறையைத் தெரிவு செய்ய வேண்டும். திறந்து விடப்பட்ட வை-ஃபையை அயலார் தவறாகப் பயன்படுத்தினால் விசாரணை இணைப்பின் உரிமையாளரையே முதலில் நாடி வரும்.

## ஒளியிழைக்கு மாற்றம்

ஏ.டி.எஸ்.எல். இணைப்புகள் படிப்படியாக ஒளியிழை இணைப்புகளுக்கு இடம் கொடுத்து வருகின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை, 2018 இல் உருவான தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

ஒளியிழையில் களிம்பு ஏறாது. நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வேகம் குறைவதுமில்லை. ஆயினும் மரம் விழுந்தாலோ பள்ளம் தோண்டினாலோ அது அறுபடும். வீட்டு முனைக்கருவிக்கு மின்சாரமும் தேவை. அக்கருவியில் டி.எஸ்.எல். விளக்கின் இடத்தைப் பான் விளக்கு பெறுகிறது. லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, பழுது பெரும்பாலும் வெளியே உள்ளது எனக் கொள்ளலாம். மின்சாரம், வெளிக்கம்பி, கணக்கு, வீட்டு இணைப்பு என வரிசையாகச் சோதிக்கும் முறை இக்கருவிக்கும் அப்படியே பொருந்தும்.

## இவற்றையும் பார்க்க

* மோடம்
* திசைவி
* ஒளியிழை
* பாரத் சஞ்சார் நிகம்
* காவிரி ஆறு